கப்பலுக்கு முன்னும் பின்னும்

கப்பற் பிரயாணம் என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவன கப்பலும் கடலுமே. எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போகும், மரக்கறி உணவு கிடைக்குமா, அறையிலே சாளரம் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஏறுவதற்கு முந்திய இரண்டு நாட்களைப் பற்றியோ, இறங்கிய பின் வரும் இரண்டு நாட்களைப் பற்றியோ வினவுவார் அரியர். ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் இத்தாலி நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து குடும்பமாக ஏழு நாட் கப்பற் பிரயாணஞ் செய்து மீண்டோம். இன்று நினைத்துப் பார்க்கையில், கடலிற் கழிந்த ஏழு நாட்களிலும் பார்க்க, கரையிற் கழிந்த அந்த நான்கு நாட்களே எம் நினைவில் ஆழப் பதிந்து நிற்கின்றன. இத்தகைய பிரயாணத்தை எண்ணியிருக்கும் குடும்பத்தினருக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் அந்நாட்களின் விபரத்தை இங்கு எழுதலானோம்.

எம் தம்பி கனடாவிற் குடியேறியவன். எம் தாயார் அவனைக் கண்டு பன்னிரண்டு ஆண்டுகளாயின. அவனுடைய இளைய மகளை அவர் கண்டதே இல்லை. கனடா வரையிலான நீண்ட பறப்பு, எழுபத்தாறு வயதுடைய தாயாரின் முழங்காலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வாது என்று வைத்தியர் கூறிவிட்டார். தம்பிக்கோ இலங்கைக்கு வந்து திரும்பப் போதிய விடுமுறை கிடைக்கவில்லை. “நடுவழியிற் சந்திப்போம். கப்பல் என்றால் அம்மா ஊர் ஊராகப் பெட்டி கட்டி அலைய வேண்டியதில்லை, ஒரே அறை, ஒரே கட்டில், ஊர்கள் தாமாக வந்து சேரும்” என்று அவனே யோசனை எழுதினான். அவ்வாறே இரு குடும்பங்களும் ஒரே கப்பலில் இடம் பதிந்தோம்.

பிரயாணச் சீட்டிலே புறப்படும் இடம் ‘ரோமாபுரி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அதனை வாசித்துக் காட்டியபோது, “ரோமாபுரியிலை கடல் இருக்கோ?” என்று தாயார் கேட்டார். வகுப்பறையிற் பூமிசாஸ்திரம் கற்பிக்கும் எமக்கு அக்கேள்வி தலையில் வைத்த குட்டுப் போல இருந்தது. ரோமாபுரி தைபர் நதிக்கரை நகர். கடலிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் உட்புறமாக அமைந்தது. பெருங் கப்பல்கள் நிற்குந் துறை, நகருக்கு வடமேற்கே எழுபது எண்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிவித்தாவெக்கியா என்னும் வேறோர் ஊர்.

இது ரோமாபுரிக்கு மட்டும் உரிய சங்கதியன்று. ‘லண்டன்’ என விளம்பரஞ் செய்யப்படும் கப்பல்களிற் பல, நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள சவுத்ஹாம்ரனிலிருந்து புறப்படுகின்றன. ‘பாரிஸ்’ எனின் லே ஹாவர். ‘பேர்லின்’ எனின் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்ட. இவை ஏறக்குறைய 200 கிலோமீற்றரும் அதற்கு மேலும் தூரமானவை. வெனிஸ் நகரின் கதை இன்னும் வேறு. 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ முன்றிலைக் கடந்து செல்லும் நீர்வழியே வரலாகாது என இத்தாலிய அரசாங்கம் 2021 ஓகஸ்ட் 1ஆந் திகதி முதல் தடை விதித்தது. ஆகவே சீட்டிலே ‘வெனிஸ்’ என்றிருப்பினும், கப்பல் அண்மையிலுள்ள மர்கேராவிலே நிற்கலாம்; நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கவுங்கூடும். பார்சலோனாவும், ஏதென்சின் துறையாகிய பிரேயசும் நகரை ஒட்டியவை. அங்கே இக்கவலை இல்லை. நகரின் பெயரை விட்டு, கப்பல் நிற்குந் துறையின் பெயரைக் கேட்டறிந்து, அதனைப் படத்திலே குறித்துக்கொள்வதே முதல் வேலை.

இரண்டாவது வேலை நுழைவு அனுமதி. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு ‘ஷெங்கன்’ விசா அவசியம். இதற்குப் பிரயாண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் விண்ணப்பித்தல் இயலாது. பதினைந்து நாளுக்குக் குறைவான காலம் இருக்கையிலும் விண்ணப்பித்தலாகாது. சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு கிடைக்கும். சில வேளைகளில் நாற்பத்தைந்து நாள் வரையுஞ் செல்லலாம். 2024 ஜூன் முதல் வயது வந்தோர்க்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரையில் வைத்தியச் செலவை ஏற்கும் காப்புறுதியும் வேண்டும். பலரும் கவனியாது விடும் ஒன்றுண்டு. கப்பல் இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், மால்ரா ஆகிய நாடுகளுக்குள்ளேயே சுற்றி வருமாயின் ஷெங்கன் எல்லையைத் தாண்டுவதில்லை. வழியிலே துனீசியா, துருக்கி, மொந்தெனேகுரோ போன்ற நாடொன்றிற் கால் வைக்குமாயின், எல்லைக்கு வெளியே சென்று மீண்டும் உள்ளே வருதல் வேண்டும். ஒரு முறை நுழைய மாத்திரம் தந்த அனுமதி அப்போது உதவாது. பல முறை நுழையும் அனுமதியையே கேட்டுப் பெறுதல் வேண்டும். கரையில் முன்னும் பின்னும் தங்கும் நாட்களையும் விண்ணப்பத்திற் சேர்த்தே காட்டுதல் அவசியம்.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். கப்பல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புறப்படுவது. நாமோ வியாழன் மாலையே ரோமாபுரி சேரும்படி விமானச் சீட்டு எடுத்திருந்தோம். “இரண்டு நாள் விடுதிச் செலவு வீண் அல்லவா?” என்று நண்பர் சிலர் நகைத்தனர். விமானம் பிந்தினால் அடுத்த விமானம் உண்டு. புகையிரதம் தவறினால் அடுத்த புகையிரதம் உண்டு. கப்பலுக்கு அடுத்த கப்பல் இல்லை என்று அவர்களுக்கு மறுமொழி கூறினோம்.

அம்மறுமொழி விரைவிலேயே பரீட்சிக்கப்பட்டது. கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்ட விமானம் பிந்தியதால், வளைகுடா நாட்டு நிலையமொன்றில் மாற வேண்டிய விமானம் எம்மை விட்டுப் போய்விட்டது. வியாழன் மாலை சேர வேண்டியவர்கள் வெள்ளி அதிகாலையிலேதான் ரோமாபுரியில் இறங்கினோம். பெட்டிகளில் ஒன்று வரவேயில்லை. நல்ல காலம், தாயாரின் மாத்திரைகளையும் ஒரு மாற்றுச் சேலையையும் எம் மனைவியார் கைப்பையிலே வைத்திருந்தார். காணாமற் போன பெட்டியைச் சனி காலை விடுதிக்கே கொணர்ந்து ஒப்படைத்தனர். ரோமாபுரியில் ஒரு மாலைப்பொழுது போயிற்றேயன்றி, கப்பல் போகவில்லை. அந்த இரண்டு நாட்களின் விலையை அன்று அறிந்தோம்.

விமான நிலையத்திலிருந்து சிவித்தாவெக்கியா செல்வதற்கு முழு நகரையும் கடக்க வேண்டியதில்லை. நிலையத்துப் புகையிரதத்தில் ஏறி, திரஸ்தேவெரே என்னும் நிலையத்தில் இறங்கி, அங்கே கரையோர வண்டிக்கு மாறலாம். நகரின் பெரு நிலையமாகிய தெர்மினியிலிருந்து செல்வோர்க்கு, வண்டியின் வேகத்துக்கேற்ப முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி வரை ஆகும். காகிதச் சீட்டாயின், ஏறுமுன் மேடையிலுள்ள பொறியிற் செருகி முத்திரை பதித்தல் வேண்டும், தவறின் அபராதம். இத்தாலியிற் புகையிரத வேலைநிறுத்தம் அபூர்வமன்று. ஆயினும் அது முன்னதாகவே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 மணி வரையும், மாலை 6 முதல் 9 மணி வரையும் குறித்த சில வண்டிகள் ஓடியே தீர வேண்டும் என்பது விதி. புறப்படுமுன் இவ்விபரத்தைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

கப்பலுக்கு முந்திய இரவைத் துறைமுக ஊரிலேயே கழித்தல் வேண்டும் என்பது எமது துணிபு. சிவித்தாவெக்கியா வெறுந் துறைமுகம் அன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திராஜன் என்னும் உரோமச் சக்கரவர்த்தி இத்துறையை அமைப்பித்தான். துறைமுகம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இளைய பிளினி என்னும் அறிஞர் இங்கு வந்து, பாரிய கற்களைப் படகுகளிற் கொணர்ந்து கடலிற் கொட்டி அலைதடுப்புத் தீவொன்றை எழுப்பிய விதத்தைத் தம் நிருபமொன்றில் வருணித்திருக்கிறார். ஊரின் இன்றைய பெயருக்குப் ‘பழைய நகர்’ என்பது பொருள். கடலோரத்திலே கம்பீரமாக நிற்கும் கோட்டையின் வேலையைப் பாப்பரசர் இரண்டாம் யூலியஸ் 1508இல் தொடக்குவித்தார். சிற்பி பிரமாந்தே வரைந்த அதன் நடுக்கோபுரத்தின் மேற்பாகம் மைக்கலாஞ்சலோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1615இல் யப்பானியத் தூதர் ஹசெகூரா பசிபிக்கையும் அத்திலாந்திக்கையும் கடந்து இத்துறையில் வந்திறங்கினார். அவருக்கு இங்கு சிலையுண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தெந்தால் 1831 முதல் பல ஆண்டுகள் இவ்வூரிற் பிரெஞ்சு நாட்டின் கொன்சலாக இருந்தார். 1943இல் விழுந்த குண்டுகள் ஊரிற் பெரும் பகுதியை அழித்தன. வெள்ளி மாலை கடலோர நடைபாதையிலே தாயாரை இருத்தி, இவற்றை எம் மகளுக்குக் கூறிக்கொண்டிருந்தோம். தாயாரின் கண்கள் கோட்டையை நோக்கவில்லை. “சின்னவன் இப்ப வெளிக்கிட்டிருப்பான் என்ன?” என்று இரண்டு முறை கேட்டார்.

தம்பி செய்த ஏற்பாடு வேறாக இருந்தது. விடுமுறையில் ஒரு நாளும் வீணாகாதபடி, கப்பல் புறப்படும் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ரோமாபுரியில் இறங்கும் விமானத்தில் அவன் இடம் பதிந்திருந்தான். கணக்கின்படி எட்டு மணி நேரம் கையில் உண்டு. கணக்கோ கடதாசியில் இருந்தது. சனி காலை நாம் விழித்தபோது, விமானம் கனடாவிலேயே ஆறு மணி நேரம் பிந்திப் புறப்பட்டது என்ற செய்தி வந்திருந்தது.

ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு ஐந்து மணிக்குப் போய் ஏற முடியாது. ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னரே பிரயாணிகளைப் பதிவது நின்றுவிடும். எமது கப்பலுக்கு நான்கு மணி எல்லை. துறைமுகம் மிக விரிந்தது; உள்ளே நடந்து செல்லுதல் இயலாத காரியம். ‘சமாதானத் திடல்’ என்று பொருள்படும் லார்கோ தெல்லா பாச்சே என்னும் இடத்திலிருந்து துறைமுக பஸ் வண்டிகள் இலவசமாகக் கப்பலண்டைக்குக் கொண்டு செல்கின்றன. நாம் ஒரு மணிக்கே மண்டபத்தின் வாயிலை அடைந்தோம். தாயார் வாயிலருகே ஒரு நாற்காலியில் அமர்ந்தார். “அவன் வராமல் நான் ஏறமாட்டன்” என்றார். வேறொன்றுஞ் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு விமானம் இறங்கியது எனத் தொலைபேசி கூறியது. கடவுச்சீட்டுப் பரிசோதனையில் நீண்ட வரிசை. மூன்று மணிக்கு வாடகைக் கார் ஏறினார்கள். அறுபது கிலோமீற்றர் தூரம். அவன் தவறினால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமே என்று எம் மனைவியார் மெல்லக் கூறினார். அதுவும் கப்பற் கம்பனியின் சம்மதத்தைப் பொறுத்தது. சம்மதம் கிடைத்தாலும் தாயார் அதற்கிடையில் ஏற வேண்டுமே! மூன்றே முக்காலுக்கு உத்தியோகத்தர் ஒருவர் வந்து, எம்மை உள்ளே வருமாறு கூறினார். தாயாருக்கு அவர் மொழி விளங்கவில்லை, விளங்கியிருந்தாலும் எழுந்திரார். வகுப்பிலே நேரந் தவறாமையைப் பற்றி எத்தனையோ முறை உபந்நியாசஞ் செய்த நாம், கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது, தாயார் கண்டிராத அந்தச் சிறுமி. பன்னிரண்டு ஆண்டுகளின் சந்திப்பு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு வாயிலை நோக்கி ஓடியதிலேயே நடந்தேறியது. நின்று கட்டியணைக்கவும் நேரமில்லை. கப்பலில் ஏறி, கயிறுகள் அவிழ்க்கப்பட்ட பின்னரே தாயார் தம்பியின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

கப்பலில் ஏழு நாட்களும் இனிதே கழிந்தன. முன்னரே எழுதி அறிவித்திருந்தமையால் மரக்கறி உணவு ஒழுங்காகக் கிடைத்தது. தாயார் ஊர்களைப் பார்க்க இறங்கியது இரண்டே முறை. மற்றைய நாட்களில் மேற்றட்டிலே பேரப்பிள்ளைகள் சூழ இருந்தார். ஆறாம் நாள் மாலை, பெட்டிகளைக் கட்டி இரவில் அறை வாயிலுக்கு வெளியே வைக்குமாறு அறிவித்தல் வந்தது. அவற்றைக் கப்பலாட்களே கரை சேர்ப்பர். மறுநாளைக்குரிய உடை, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இதை மறந்து இரவு உடுப்போடு கரையிறங்கியவர்களும் உளராம்!

அப்பொழுதுதான் தம்பி தன் திரும்பும் விமானத்தைப் பற்றிக் கூறினான். கப்பல் சனி காலை ஏழு மணிக்குத் துறை சேரும். அவனுடைய விமானம் அன்றே நண்பகல். எமக்கோ திங்கட்கிழமை. தம் பெட்டிகளைத் தாமே தூக்கிச் செல்வோரை முதலில் இறங்க விடுவார்கள். அவர்கள் அவ்வாறே இறங்கினார்கள். காலை உணவும் இல்லை. கார் காத்து நின்றது. தாயார் பேத்தியின் கையைப் பிடித்திருந்தார். சாரதி பெட்டிகளை ஏற்றி முடிக்கும் வரையில் எவ்வளவு நேரமோ, அவ்வளவே விடைபெறும் நேரம். கப்பல் இறங்கும் நாளிற் பிற்பகலுக்கு முன் விமானம் வைத்தல் ஆகாது என்று பிரயாண நூல்கள் கூறுவது துறை சேரப் பிந்தலாம் என்பதனால். அதற்கு வேறொரு காரணமும் உண்டென்று அன்று கண்டோம்.

நாம் ரோமாபுரி சென்று தெர்மினி நிலையத்தின் அருகே தங்கினோம். எஸ்குயிலீனோ என்னும் அப்பகுதிச் சந்தையிலே ஆசிய நாட்டு வியாபாரிகள் அரிசி, வெண்டிக்காய், மசாலாச் சரக்கு முதலியவற்றை விற்கின்றனர். மரக்கறி உண்போருக்கு அவ்விடம் பெரிய வசதி. வீதிகளிலே ‘பெரு மூக்கு’ என்று பொருள்படும் நசோனிக் குழாய்கள் இரவு பகலாக நல்ல குடிநீரைப் பொழிகின்றன. ஓகஸ்ட் வெயிலிலே அவை பேருதவி. 15ஆந் திகதி நாடு முழுவதும் பெருவிடுமுறை. அன்று பல கடைகள் பூட்டப்பட்டிருக்கும்.

பிற்பகலிலே பழைய மன்றத்தை எட்ட நின்று பார்த்தோம். அங்கு மக்சென்ரியஸ் மண்டபம் நிற்கும் இடத்தில், அதற்கு முன்னர் மிளகுக் களஞ்சியம் ஒன்று இருந்தது. சேர நாட்டு முசிறியிலிருந்து பருவக்காற்றின் துணையாற் சென்ற மிளகு அத்தகைய களஞ்சியங்களிலே குவிந்தது. காற்றைத் தவற விட்ட வணிகன் அடுத்த பருவம் வரை காத்திருந்தான் என்று மகளுக்குக் கூறினோம்.

ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் நூதனசாலை, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, மூடப்பட்டிருக்கும். சனிக்கிழமை கப்பலிறங்குவோர் இதை நினைவில் வைத்தல் நலம். புனித பேதுரு ஆலயம் திறந்திருந்தது. தோளும் முழங்காலும் மறைந்திருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. சேலை உடுத்தோர்க்கு இடரில்லை. உள்ளே வலப்புறத்தில், கண்ணாடிக்கு அப்பால், மைக்கலாஞ்சலோ இளமையில் வடித்த சிலை இருக்கிறது. மரித்த மகனை மடியிற் கிடத்திய தாயின் உருவம். எம் தாயார் அதன் முன் நெடுநேரம் நின்றார்.

அன்றிரவு விடுதியிலே சேலையை மடித்துக்கொண்டிருந்தவர் திடீரெனக் கேட்டார்: “முன்னுக்கும் ரண்டு நாள் வைச்சாய், பின்னுக்கும் ரண்டு நாள் வைச்சாய். சின்னவனுக்கு ஏன் மேனை சொல்லேல்லை?”

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. படம் வரைந்தோம்; புகையிரத நேரம் பார்த்தோம்; வேலைநிறுத்தத்தையும் விசாரித்தோம். எமது நான்கு நாட்களை எண்ணி எண்ணி ஒழுங்கு செய்த நாம், தம்பி எந்நாள் வந்து எந்நாள் போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே கப்பலில் ஏறுகிறோம், அதுவே போதும் என்று எண்ணியிருந்தோம். பலவிடங்களில் வாழும் உறவினர் ஒன்றுகூடும் பிரயாணமாயின், நாட்களை எல்லோருஞ் சேர்ந்தே குறித்தல் வேண்டும். குறைந்தது ஒரு நாள் முன்னதாக எல்லோருந் துறைமுக ஊரிற் கூடுக. இறங்கிய பின்னும் குறைந்தது ஒரு நாள் ஒருங்கே தங்குக. செலவைச் சுருக்க வேண்டின், கப்பலிற் சாளரமில்லாத அறையை எடுத்துச் சுருக்கலாம்.

சென்ற மாதம் தம்பி தொலைபேசியில் பேசினான். மீண்டும் ஒரு முறை எங்காவது சந்திக்கலாம் என்றான். தாயார் எம் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். எந்த ஊர், எந்தக் கப்பல் என்று ஒன்றும் கேட்கவில்லை. “திரும்பிப் போற ரிக்கற்றை எங்களோடை ஒரே நாளுக்குப் போடு தம்பி” என்றார்.